தாலியில் ஒட்டிய காந்தம்

1964 மே 17, ஞாயிற்றுக்கிழமை. விழுப்புரம் வீட்டில் ஐந்தரைக்கு எழுந்தேன். குளித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, இட்லி சாப்பிட்டேன். தங்கை சரோஜாவைப் பெண் பார்க்கத் திண்டிவனத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பத்து மணிக்கு வந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்ததால் அப்பா எனக்கு ஒரே ஒரு புத்திமதி சொல்லியிருந்தார்: “கேட்டா மட்டும் பேசு.”

கேட்டுவிட்டார்கள்.

“தம்பி பம்பாய்ல இன்னா வேலை பண்ணிக்கினு இருக்கீங்க?” என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

கம்ப்யூட்டரின் ஞாபகம் கடுகளவு காந்த வளையங்களில் தங்குகிறது. அந்த வளையம் செய்யும் பொருளின் குணத்தைச் சோதிப்பது என் வேலை என்று விளக்கினேன். (விளக்குவது அந்த வயதில் எனக்கு ஒரு வியாதி.) அவர் புரியாமல் தலையாட்டியதைப் பொறுக்க முடியாமல், பையிலிருந்த லாடக் காந்தத்தை எடுத்துக் காட்டினேன். “இரும்புன்னா இழுக்குங்க. தங்கத்தை இழுக்கவே இழுக்காது.”

“குடு தம்பி, பாக்கலாம்” என்று மாப்பிள்ளையின் அம்மா வாங்கி, நெஞ்சருகே பிடித்துப் பார்த்தார். அவருடைய தாலிச் சங்கிலி முந்தானையோடு எழும்பி வந்து காந்தத்தில் ஒட்டிக்கொண்டது.

அந்த அம்மா காந்தத்தைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். “நீங்க கட்டின தாலிதானே இது? இத்தினி வருசமா இரும்பையா சுமந்துக்கினு இருந்தேன்?”

“அஞ்சு சவரன்டி! எங்கப்பா வாங்கினது!”

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். “முலாம் பூசுன இரும்பா இருக்கலாங்க. அரம் வெச்சு லேசா உரசினா தெரிஞ்சிடும்” என்றேன்.

“தாலியையாடா?” என்று உள்ளேயிருந்து என் அம்மா அலறினார்.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். “ஜல்தியா கெளம்புங்க எல்லாரும்.” அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

காபித் தட்டோடு வந்த சரோஜா அதை என் கையில் திணித்துவிட்டு, நேரே அந்த அம்மாவிடம் போனாள். “அத்தே, சங்கிலில ஊக்கு கோத்து வெச்சிருக்கீங்களா?”

அவர் முந்தானையை விலக்கினார். தாலிக்குப் பக்கத்தில் கொத்தாக நாலு ஊக்கு. (அவசரத்துக்கு ஆகும் என்று பெண்கள் அங்கேதான் மாட்டி வைப்பார்கள் என்பது நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை.) ஊக்குகளைக் கழற்றிய பிறகு காந்தத்தைக் காட்டினால் சங்கிலி அசையவே இல்லை.

யாரும் சிரிக்கவில்லை. “சேதி சொல்லி அனுப்பறோம்” என்று போய்விட்டார்கள். முந்தைய இரண்டு வீட்டாரும் சொல்லிப்போனது அதைத்தான்.

மறுநாள் விடிந்ததும், முதல் பஸ்ஸில் திண்டிவனத்திலிருந்து ஓர் ஆள் வந்தார். “பொண்ணு புடிச்சிருக்குதாம். புத்தி கீற பொண்ணாம். ஆனா தாலி கட்றப்போ மச்சான் மட்டும் பத்தடி தள்ளி நிக்கணும்னு அம்மா சொல்லி அனுப்பினாங்க.”

பத்தடி தள்ளித்தான் நின்றேன். இன்றும் எங்கள் வீட்டு முகூர்த்தங்களில் நான் மேடையேறும் முன் யாராவது ஒருவர் என் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கிறார்கள். சரோஜாவின் மகள் இரண்டு முறை பார்ப்பாள்.

அந்தக் காலையில், வந்த ஆளை உட்காரக்கூடச் சொல்லாமல், அப்பா செய்த முதல் வேலை என் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறியதுதான்.