மச்சானின் இருக்கையில் ஒரு ஊர் மேட்ச்

பெருமதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிய நாள் முதலாக, அதாவது முப்பத்தொரு வருடமாக, உங்களிடம் அகப்பட்டுக்கொண்டு முழிக்கும் மாப்பிள்ளை எழுதுவது. இங்கே உங்கள் தங்கை சுகம், வீடு சுகம். என் சுகத்தைப் பற்றி மட்டும் கடிதத்தைப் படித்துவிட்டு நீங்களே ஒரு முடிவுக்கு வந்துகொள்ளுங்கள். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மகளுக்கும் மருமகனுக்கும் என் அன்பைச் சொல்லவும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன கடிதத்தில் நீங்கள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். துறைமுகம் ஃபுட்பால் கிளப்பில் உங்களுக்கென்று இருக்கும் இருக்கை, ரயில்வேயோடு நடக்கும் ஊர் மேட்ச் அன்று காலியாகக் கிடந்தால், கிளப் விதிப்படி பட்டியலில் காத்திருக்கும் வேறு யாருக்காவது போய்விடும், டாக்டர் மூன்று மாதம் பிரயாணம் கூடாது, படியேறக் கூடாது என்று சொல்லிவிட்டார், ஆகவே எனக்குப் பதிலாக நீங்கள் போய் உட்காருங்கள் என்று எழுதியிருந்தீர்கள். யாரைப் பார்த்து இதைக் கேட்கிறீர்கள் மச்சான்? ரயில்வே பார்சல் ஆபீசில் முப்பத்தாறு வருடம் மூட்டைக்குச் சீட்டு ஒட்டியவனை, ரத்தம் எடுத்தால்கூட ரயில்வே சிவப்பா என்று பார்ப்பவனை! முடியாது என்று எழுதத் தாளை எடுத்து வைத்துவிட்டேன். அப்புறம்தான் கடைசி வரியைப் பார்த்தேன். ‘அடுத்த வருஷம் வருவேனோ என்னவோ, இந்த ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.’ அந்த ‘என்னவோ’ என்னை இரண்டு நாள் பாடாய்ப் படுத்திவிட்டது. உங்கள் மகள் உங்களைத் தன் வீட்டிலேயே நிரந்தரமாக வைத்துக்கொள்ளப் பார்க்கிறாள் என்று உங்கள் தங்கை சொன்னாள். பெற்ற மகள், அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் நீங்கள் வராமலே போய்விட்டால் நான் இந்த ஊரில் யாரோடு சண்டை போடுவது?

அந்தக் காலம் எப்படி இருந்தது! ஆற்றுக்கு இந்தப் பக்கம் ரயில்வே, அந்தப் பக்கம் துறைமுகம். பாலத்துக்கு அந்தண்டை இருக்கும் சலூனில் எங்கள் ஆள் எவனும் தலையைக் கொடுக்க மாட்டான், பாதி வெட்டிவிட்டு மீதியை மேட்ச் முடிந்து வெட்டுகிறேன் என்று அனுப்பிவிடுவார்கள் என்று பயம். நான் பெண் பார்க்க வந்த அன்றைக்கு உங்கள் அப்பா சம்பளம் கேட்கவில்லை, குடிப்பழக்கம் கேட்கவில்லை, "தம்பி எந்த டீம்?" என்றுதான் கேட்டார். நான் உண்மையைச் சொன்னதும் அறையில் இருந்த எல்லோரும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள். கிரேன் வேலையிலிருந்து அழுக்குச் சட்டையோடு அப்போதுதான் வந்த நீங்கள், "பொய் சொல்லத் தெரியலப்பா இந்த ஆளுக்கு. குடுத்துடலாம்" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தையில் எனக்குக் கல்யாணம் ஆனது.

தோற்ற டீம்காரன் அன்று மாலையே பாலத்தைத் தாண்டி நடந்துபோய், ஜெயித்தவன் வீட்டு மணியை அடித்து, அவன் சொல்வதையெல்லாம் வாயை மூடிக் கேட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்று நாம் வைத்துக்கொண்ட ஏற்பாட்டை நினைத்துப் பார்க்கிறேன். சைக்கிளில் போகக் கூடாது, மழை என்றாலும் சலுகை கிடையாது. ஒரு வருடம் ஆட்டம் டிரா ஆகி, விதியில் அதற்கு வழி சொல்லாததால் நானும் கிளம்பி, நீங்களும் கிளம்பி, பாலத்தின் நடுவில் முட்டிக்கொண்டோமே! யார் வீட்டுக்குப் போவது என்று தீர்மானிக்க முடியாமல் இருட்டும்வரை அங்கேயே நின்று பேசினோம். என்ன பேசினோம் என்று ஒரு வார்த்தை ஞாபகம் இல்லை. சிரித்து வயிறு வலித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. இன்றைக்குப் பையன்கள் வெளிநாட்டு டீமின் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள், பாலம் அவர்களுக்கு வெறும் பாலம்.

சரி, மேட்ச் அன்று நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் தங்கை, நீங்கள் இங்கே விட்டுவிட்டுப் போன துறைமுகத்து நீல மஃப்ளரை எடுத்துவந்து என் கழுத்தில் சுற்றினாள். "எங்க அண்ணன் கழுத்துல கெடந்தது, கீழ போட்டுடாதீங்க" என்றாள். நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை. இரண்டு கிளப்புக்கும் ஒரே மைதானம், எதிரெதிர் கேலரி. கிழக்கே என் இருக்கை, மேற்கே உங்கள் இருக்கை. ஆளோ ஒருவன். முதல் பாதி உங்கள் இடத்தில் உட்கார்ந்து வருகை பதிவானதும், இடைவேளையில் மைதானத்தைச் சுற்றி ஓடி இரண்டாம் பாதிக்கு என் இடத்துக்குப் போய்விடுவது என்று திட்டம். திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. குறை என் வாயில் இருந்தது. இருபத்திரண்டாவது நிமிடம் ரயில்வே கோல் போட்டது. நான் எழுந்து குதித்துத் தொண்டை கிழியக் கத்திவிட்டேன். சுற்றிலும் ஆயிரம் நீலச் சட்டை, நடுவில் நான் ஒருத்தன், வாயைத் திறந்தபடி. என் முகம் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை மச்சான். ஆனால் உங்கள் பக்கத்து இருக்கைக்காரர் பல் டாக்டர் என்பதை நீங்கள் ஏன் எனக்கு முன்கூட்டியே எழுதவில்லை? அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, நேராக வாய்க்குள் பார்த்தார். "கீழ் வரிசை, எடது பக்கம், கடைசிப் பல்லுல இருக்கிற கேப் நான் போட்டதாச்சே! நீங்க அந்த ரயில்வே பார்சல்காரர் இல்ல?" என்றார்.

என்ன சொல்வது? பல் வலி, அதனால்தான் கத்தினேன் என்று சொல்லிவிட்டேன். பல் டாக்டரிடம் சொல்லக்கூடிய பொய்யா அது! அந்த மனுஷர் ஆட்டத்தை மறந்துவிட்டு, செல்போன் விளக்கைப் போட்டு, "தலைய பிடிங்க" என்று பின்வரிசைக்கு உத்தரவு போட்டார். இரண்டு தடியன்கள் என் தலையைப் பிடித்துக்கொள்ள, ஒருத்தர் குளிர்பானக் கடையிலிருந்து ஐஸ் கட்டி வாங்கிவந்து கன்னத்தில் வைக்க, ஒரு அம்மா "பாவம், நம்ம டீம் கோல் வாங்குன நேரத்துல அவருக்கு இந்த வலியும் சேந்து வரணுமா" என்று கண்கலங்க, துறைமுகம் திருப்பிப் போட்ட கோலை நான் பார்க்கவே இல்லை, டாக்டரின் மூக்குத் துவாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் அன்பு தாங்க முடியாமல் டாக்டரின் காதில் உண்மையைச் சொல்லிவிட்டேன். மச்சானின் இருக்கை போகாமல் இருக்க வந்திருக்கிறேன் என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஓ, அந்த மாப்பிள்ள நீங்கதானா?" என்றார். "அவரு மேட்ச் பாத்து நான் பாத்ததே இல்லீங்க. கோல் விழுந்தா நாங்க எல்லாம் பந்தப் பாப்போம், அவரு பைனாகுலர எதிர் கேலரி பக்கம் திருப்பிடுவாரு. ‘என் மாப்ள எழுந்துட்டாரு பாருங்க’ம்பாரு. ‘செகண்ட் ஹாஃப்ல தூங்குறாரு’ம்பாரு. ‘இன்னைக்கி தொப்பி கொண்டாரல, மண்டைல வெயில் அடிக்குது’ம்பாரு. எங்க டீம் கோச்சோட பேரு அவருக்குத் தெரியுமான்னே எனக்குச் சந்தேகம்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். நேர் எதிரே, சிவப்புக் கூட்டத்தின் நடுவில், என் இருக்கை காலியாக இருந்தது. இப்போதல்லவா புரிகிறது, நான் இரண்டாம் பாதியில் தூங்கியதைச் சொல்லிக் கிண்டல் செய்வீர்களே, அது உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று! எங்கள் டீம் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிப்போன வருடம், எல்லோரும் போன பிறகும் நான் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் விடிந்ததும் நீங்கள் என் வீட்டு வாசலில் நின்றீர்கள். "ஒரு ஏணி வேணும், குடுங்க" என்றீர்கள். நாள் முழுக்க இருந்துவிட்டு ஏணியை மறந்துவிட்டுப் போனீர்கள். கிரேன் ஓட்டுகிற மனுஷனுக்கு ஏணி எதற்கு என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை. இத்தனை வருடம் என்னை இப்படி வேவு பார்த்ததற்காக உங்கள்மேல் எனக்குக் கோபம். நான் ஒருநாளும் உங்கள் பக்கம் திரும்பியதில்லை, ஒழுங்காக ஆட்டத்தைப் பார்த்தவன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

இடைவேளையில் திட்டப்படி ஓடினேன். மூச்சிரைக்கக் கிழக்கு கேலரிக்குள் நுழைந்தபோது எங்கள் பழைய கூட்டாளி, ரிட்டயர்டு ரயில் கார்டு, என்னைப் பார்த்து விசில் மாதிரி ஒரு சத்தம் போட்டார். மஃப்ளரைக் கழற்ற மறந்துவிட்டேன் மச்சான்! "அடப்பாவி, பென்ஷன் ரயில்வேல, கழுத்து துறைமுகத்துலயா?" என்று கார்டு கேட்க, கேலரி முழுக்க எழுந்து ஊ என்று கத்தியது. என் விளக்கம் யார் காதிலும் விழவில்லை. நானும் அதைக் கழற்றிப் பையில் திணித்திருக்கலாம்தான். கை போகவில்லை. திரும்பி உங்கள் இருக்கைக்கே வந்தேன், டாக்டர் கைக்குட்டையைப் போட்டு எனக்காக இடம் பிடித்து வைத்திருந்தார். அதன்பிறகு ஆட்டம் ஒன்றும் மனதில் பதியவில்லை. துறைமுகம் இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தது என்பதே வீட்டில் ரேடியோ கேட்ட உங்கள் தங்கை சொல்லித்தான் தெரியும்.

தோற்றவன் நடக்க வேண்டுமே? நடந்தேன். பாலத்தைத் தாண்டி, உங்கள் தெரு முனை மருந்துக்கடையைத் தாண்டி, மாடிப்படி ஏறி உங்கள் வீட்டு மணியை அடித்தேன். உள்ளே அது அடிப்பது நன்றாகக் கேட்டது. கீழ் வீட்டு அம்மா எட்டிப்பார்த்து, "அவரு மக வீட்டுக்குப் போயி ரெண்டு மாசமாச்சே, தெரியாதா உங்களுக்கு?" என்றார். தெரியும் என்றேன். தெரிந்துகொண்டே எதற்கு மணி அடிக்கிறான் என்று அந்த அம்மா பயந்து கதவைச் சாத்திக்கொண்டார். இன்னொரு தடவை அடித்துவிட்டு இறங்கி வந்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை, தூக்கமும் இல்லை. ஜெயித்துவிட்டு நீங்கள் என்னைத் திட்டாத ஒரு தோல்வி எனக்கு ஜீரணமாகவில்லை.

ஆகவே நன்றாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இனி அந்த இருக்கையில் நான் உட்காரப் போவதில்லை. நாளைக் காலை துறைமுகம் ஆபீசுக்குப் போய் உங்கள் சார்பில் அதை எழுதிக் கொடுத்துவிடுகிறேன். நீங்களும் மகளோடு நிம்மதியாக இருங்கள். நல்ல டாக்டர் பக்கத்தில் இருக்கிறார், லிஃப்ட் இருக்கிறது, பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்த வயதில் பந்தும் மஃப்ளரும் நமக்கெதற்கு? என் இருக்கையையும் விட்டுவிடுவதாக இருக்கிறேன். இதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

முழங்காலைக் கவனித்துக்கொள்ளவும். பேரப்பிள்ளைகள் நீடூழி வாழ்ந்து, எந்த டீமிலும் சேராமல் நிம்மதியாகப் பிழைக்க எங்கள் ஆசிகள். உங்கள் தங்கையின் வணக்கம். அவள் பக்கத்தில் நின்றுகொண்டு, எழுதியது சரியில்லை என்கிறாள்.

என்றும் உங்கள் அன்பை மறவாத,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடாமல் பையிலேயே வைத்துக்கொண்டு துறைமுகம் ஆபீசுக்குப் போனேன். படிவத்தில் ‘இருக்கையைக் கைவிடக் காரணம்’ என்று ஒரு இடம் இருந்தது. அரைமணி நேரம் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். கவுன்டரில் இருந்த பெண், "என்ன சார், காரணம் எதுவும் இல்லையா?" என்றாள். இல்லையம்மா என்று சொல்லிப் படிவத்தைக் கிழித்துவிட்டு, அடுத்த வருடத்துக்கும் உங்கள் பெயரிலேயே புதுப்பித்துவிட்டேன். மேலே நான் ஒருநாளும் உங்கள் பக்கம் திரும்பியதில்லை என்று எழுதியிருப்பதையும் அடித்துவிட்டுப் படிக்கவும். மேற்கு கேலரியில் உங்கள் இருக்கை எது என்று நான் ஒருவரிடமும் கேட்கவில்லை, நம்பரும் பார்க்கவில்லை. நேராகப் போய் உட்கார்ந்தேன். முழங்கால் டாக்டர் சொன்ன மூன்று மாதம் முடிந்து நான்காம் நாள், புது சீசனின் முதல் ஊர் மேட்ச். பல் டாக்டர் ஒரு பக்கமும் கார்டு ஒரு பக்கமும் பிடித்து உங்களைப் படியேற்றுவதாகப் பேச்சு. இருவரும் இப்போதே யார் வலது கால், யார் இடது கால் என்று சண்டை போடுகிறார்கள். ரயில் டிக்கெட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். முப்பத்தாறு வருடம் ரயில்வேயில் வேலை பார்த்தவன் தெரிந்தேதான் வாங்கியிருக்கிறேன், திரும்பிப் போக டிக்கெட் எங்கே என்று உங்கள் மகள் தேட வேண்டாம்.