லாரிக்காரருக்கு மனு கொடுத்தவள்

கலெக்டர் ஆபீஸ் மின்விசிறிகளுக்குக்கூட அடையாளம் தெரிகிற ஒரே பள்ளி மாணவி, தூத்துக்குடியில் எங்கள் 'மனு'தான். அட்டெண்டன்ஸில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

பத்தாம் வகுப்புவரை எனக்குப் பக்கத்து இடம். பதினொன்றில் நான் கம்ப்யூட்டர் குரூப்புக்குப் போனேன். அவள் தொழிற்கல்வியில் மெக்கானிக்கல் எடுத்தாள். அந்தக் குரூப்பிலேயே அவள் ஒருத்திதான் பெண்.

"ஏளா, அங்கன பூரா பயலுவல்லா இருக்கானுவ."

"இருந்துட்டுப் போறானுவ. லேத்து என்ன அவனுவ வீட்டுச் சீதனமா?"

லேத் என்பது இரும்பைச் சுழலவிட்டுக் கடைகிற இயந்திரம். எங்கள் அரசுப் பள்ளிக்குப் புத்தம் புதிதாக ஒன்று வந்திருந்தது. அது ஓட மூன்று பேஸ், அதாவது மும்முனை மின்சாரம் வேண்டும். பள்ளியில் இருந்ததோ ஒரு பேஸ். இயந்திரத்துக்கு நிதி ஒதுக்கிய புண்ணியவான்கள் வயருக்கு ஒதுக்க மறந்துவிட்டார்கள். லேத் வந்த நாளிலிருந்து நீலத் தார்ப்பாய்க்குள் உறங்கியது.

ஆனாலும் பிராக்டிகல் நடந்தது. தொழிற்கல்வி சார் ஒரு கேரட்டைக் கை டிரில்லில் செருகிச் சுழலவிட்டு, பேனாக்கத்தியால் கடைந்து காட்டுவார். கடைகிற பொருளுக்கு அந்தத் தொழிலில் 'ஜாப்' என்று பெயர். பின்வரிசை ஜாப்பை மென்றுகொண்டிருக்கும். "ஏலே, ஜாப்பத் திங்காத, மார்க்கு போயிரும்" என்று மனு அதட்டுவது எங்கள் வகுப்புவரை கேட்கும்.

மூன்று பேஸ் கேட்டு அவள் எழுத ஆரம்பித்தது அந்தக் கேரட்டுக்குப் பிறகுதான். திங்கட்கிழமை தவறாமல் குறைதீர்க்கும் நாளுக்குப் போவாள்; டவுன் பஸ் பிடித்து மதியச் சாப்பாட்டுக்குள் வகுப்புக்கு வந்துவிடுவாள். ஒருமுறை வரிசை நீளமென்று, கூட்டமில்லாத ஒரு மேசையில் மனுவை நீட்டிவிட்டாள். அது மீன்வளத்துக்கான மேசை.

"படகு நம்பர் என்னம்மா?" என்று கேட்டிருக்கிறார் அங்கிருந்தவர்.

"படகு இல்ல சார், லேத்து."

"அது என்ன வலை?"

"இரும்பு சார். கடல்ல போவாது. கரையிலயும் ஓட மாட்டேங்கு, அதுக்குத்தான் வந்தேன்."

அவர் சிரித்து முடித்து முத்திரை குத்தி ரசீது கொடுத்தாராம். ரசீதுகளெல்லாம் அவளுடைய ஜாமெட்ரி பாக்ஸுக்குள் போகும். காம்பஸை என்னிடம்தான் இரவல் வாங்குவாள்.

தலைமையாசிரியை ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டார். "ஏ பிள்ள, நீ பாஸாகுததுக்குள்ள எனக்கு டிரான்ஸ்பர் வாங்கிக் குடுத்துருவ போலுக்கே."

"எந்த ஊருன்னு சொல்லுங்க டீச்சர், சேத்து எழுதிருதேன்."

பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்த சமயம் ஓர் உத்தரவு வந்தது: பயன்படாமல் கிடக்கும் லேத்தை வேறு பள்ளிக்கு அனுப்பவும். லேத் போனால் அந்தக் குரூப்பும் போகும். அடுத்த வருடம் ஒருவரையும் சேர்க்க முடியாது. மறுநாளே லாரி வந்து நின்றது. தொழிற்கல்வி சார் ஓரமாகப் போய்த் தலை குனிந்துகொண்டார்.

"விட்ரு பிள்ள. நமக்கு இன்னும் ரெண்டு மாசந்தான" என்றேன்.

"நமக்கு ரெண்டு மாசம். வரப்போற பிள்ளையளுக்கு?"

நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். எழுதினாள். நேராக லாரி டிரைவரிடம் போனாள்.

"அண்ணாச்சி, இத வாங்கிட்டு ஒரு கையெழுத்து போடுங்க."

"நான் டிரைவர் தாயி. எனக்கு எதுக்கு மனு?"

"ஆட்சேபணை அண்ணாச்சி. இந்தச் சரக்க ஏத்தக் கூடாதுன்னு."

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவர். முன்பொருமுறை யாரோ எழுத்தில் ஆட்சேபித்த சரக்கை ஏற்றிவிட்டு, உள்ளே விடாததால் துறைமுக வாசலில் மூன்று நாள் லாரிக்கு அடியில் படுத்துக்கிடந்தவர். தாளை இரண்டு முறை வாசித்தார். கையெழுத்துப் போட்டார். லேத்தில் கட்டியிருந்த கயிற்றைத் தானே அவிழ்த்துவிட்டு, லாரியை அனுப்பிய கல்வி அதிகாரிக்குப் போன் போட்டார்.

"சார், சரக்குக்கு அப்ஜெக்சன் இருக்கு. தீத்துட்டுக் கூப்பிடுங்க. ஆமா, பள்ளிக்கூடப் பிள்ளதான். யாரு குடுத்தா என்ன சார், எழுத்துல குடுத்துருக்குல்லா."

காலி லாரி திரும்பிப் போனது. மறுநாள் காலை அதிகாரியே கோபத்தோடு வந்து இறங்கினார். மனு கெஞ்சவில்லை, அழவில்லை. அவரைக் காம்பவுண்டுச் சுவர்வரை கூட்டிப்போய்க் கை காட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஐஸ் பேக்டரி. அதற்கு மூன்று பேஸ் கொண்டுவந்த கம்பம் சுவரை உரசிக்கொண்டு நின்றது.

"இவ்வளவுதான் சார் தூரம்."

அதிகாரி கம்பத்தைப் பார்த்தார். லேத்தைப் பார்த்தார். "இத ஏம்மா யாரும் எழுதிக் குடுக்கல?"

அவள் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தாள்.

லேத் போகவில்லை. இணைப்புக்கு நிதி வந்தது, வயரும் வந்தது. எல்லாம் எங்கள் பொதுத்தேர்வு முடிந்த பிறகு. பள்ளியில் அவள் கடைந்ததெல்லாம் கேரட்தான்.

லேத் முதன்முதலாக ஓடிய அன்று இருவரும் போயிருந்தோம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அதில் இரண்டு பெண்கள். இரும்புச் சீவல் சுருள் சுருளாக விழ, மனு கண்ணிமைக்காமல் பார்த்தாள்.

"யக்கா, நீங்க மொதல்ல வாங்க" என்றாள் ஒருத்தி.

"இப்ப இது ஒங்க பள்ளிக்கூடம்லா. நீங்க முடிங்க, வாரேன்" என்று வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

கம்ப்யூட்டர் குரூப்பில் படித்தவளுக்கு லேத்திடம் என்ன வேலை. நானும் போய் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.