விடாப்பிடி வளையம்

செருப்புக் கடையின் மாடிக் கூடத்தில் காலை எட்டு மணிக்கே நூறு பேர். படிக்கட்டில் இன்னும் ஐம்பது பேர். நோய் வந்தவர்கள் பாதி, வந்துவிடுமோ என்று பயந்து வந்தவர்கள் மீதி. எல்லாவற்றுக்கும் முன்னெச்சரிக்கை வேண்டுமல்லவா? ஏமாறுவதற்கு மட்டும் தேவையில்லை!

மேடையில் வளையம் விற்கும் விடாப்பிடியார் நின்றார். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். அதை அவர் காதில் மாட்டி யாரும் பார்த்ததில்லை.

"உங்க ரத்தத்துல டி செல்னு சிப்பாய்ங்க இருக்காங்க. கிருமியப் பிடிக்கிறாங்க. பிடிச்சு என்ன புண்ணியம்? ரெண்டு செகண்டுல விட்டுடறாங்க! சளி, காய்ச்சல், மூட்டுவலி, முடிகொட்டறது எல்லாத்துக்கும் அதுதான் காரணம். இந்த வளையத்தக் கையில போடுங்க. அப்புறம் உடும்புப்பிடிதான்!"

வாய்ப்பேச்சு மட்டுமா? ஆதாரமும் உண்டு. அவருடைய மச்சினன், வந்தவர் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் வைத்து, நுண்ணோக்கிக்குள் செருகுவான். பெரிய திரையில் வெள்ளைச் சிப்பாய் உருண்டைகள் சிவப்புக் கிருமி உருண்டைகளைத் தொட்டுத் தொட்டு வழுக்கும். "அடப்பாவமே!" என்று கூட்டம் உச்சுக்கொட்டும். பத்து நிமிடம் வளையம் மாட்டிய பிறகு இன்னொரு சொட்டு. இப்போது உருண்டைகள் கப்பென்று ஒட்டிக்கொள்ளும். கைத்தட்டல் கூரையைப் பிளக்கும்.

பக்கத்துத் தெருத் தையல்காரியும் அப்படிக் கைதட்டியவள்தான். அவளுக்கு விரல் மூட்டுகள் வீங்கும். உடம்பின் காவல் செல்களே மூட்டுகளைப் பகை என்று நினைத்துத் தாக்குகிற வியாதி. மருத்துவர் கொடுத்த மாத்திரை அவற்றை அடக்கி வைத்திருந்தது. "மாத்திரை சிப்பாய்ங்களத் தூங்க வைக்குது, நிறுத்தும்மா" என்றார் விடாப்பிடியார். நிறுத்திவிட்டாள். மூன்றாவது வாரம் கத்தரிக்கோலை மூட முடியவில்லை. பாதி வெட்டிய பள்ளிச் சீருடைகள் மேசையிலேயே கிடந்தன. அவள் என்ன முடிவுக்கு வந்தாள் தெரியுமா? இன்னொரு கைக்கும் வளையம் வாங்க வேண்டுமாம்!

அவளுடைய தங்கைக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. ஒரு டி செல் எதை எத்தனை விநாடி பிடித்திருக்கிறது என்று அளப்பதுதான் அந்த வேலையே. அக்காவின் விரல்களைப் பார்த்ததும் அவள் அதட்டினாள்.

"யாரக் கேட்டு மாத்திரைய நிறுத்தின?"

"ஐயா சொன்னாரு. வலிச்சா சிப்பாய்ங்க சண்டை போடறாங்கன்னு அர்த்தமாம்."

"சண்டை போடறது நிஜந்தான். உன் விரலோட!"

"படிச்ச திமிரு உனக்கு. ஒரு தடவ வந்து கண்ணால பாருடி."

"வரேன். கண்ணாலதான் பார்க்கணும்."

மறுநாள் மேடை நாற்காலியில் தங்கை உட்கார்ந்தாள். மச்சினன் குத்தினான், செருகினான். திரையில் உருண்டைகள் வழுக்கின.

"பாருங்க, படிச்ச பொண்ணு, பிடியே இல்ல!" என்றார் விடாப்பிடியார். கூட்டம் சிரித்தது.

"வளையம் போட்டா எவ்வளவு நேரம் பிடிக்கும் ஐயா?"

"ஆயுசுக்கும் விடாது!"

"ஒண்ணையே ஆயுசுக்கும் பிடிச்சிட்டிருந்தா, மத்ததெல்லாம் யாரு போய்ப் பார்க்கறது?"

"அது தேவ ரகசியம்மா" என்று சொல்லிவிட்டு அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். அந்த இடைவெளி போதும். அவள் நுண்ணோக்கியிலிருந்து கண்ணாடித் துண்டை உருவி உயரத் தூக்கிக் காட்டினாள். திரையில் போர் நிற்கவே இல்லை!

"கண்ணாடி என் கையில இருக்கு. அங்க ஓடறது யாரு ரத்தம்?"

கூட்டம் திரையையும் அவள் கையையும் மாறி மாறிப் பார்த்தது.

"அது... ரத்தத்தோட ஞாபகம். மிஷின்ல கொஞ்ச நேரம் தங்கும்" என்றார் விடாப்பிடியார். பாவம், நெற்றி வியர்த்துவிட்டது.

மூன்றாம் வரிசையில் பேருந்து ஓட்டுநர் எழுந்தார். "இருங்க, இருங்க. அந்த மூலையில வாத்து மாதிரி ஒண்ணு நீந்துதே, அது என் ரத்தத்துலயும் நீந்துச்சே!"

"எனக்கும் வாத்து வந்துச்சு!" ஓய்வுபெற்ற ஆசிரியை துள்ளி எழுந்தார். "எனக்கு மட்டும் விசேஷமான ரத்தம்னு மருமக கிட்ட பெருமையடிச்சேனே!"

"வாத்து வந்தவங்க கை தூக்குங்க" என்றாள் தங்கை. ஒவ்வொன்றாக எழுந்து, கூடம் முழுக்கக் கைகள். கடைசியாக, தயங்கித் தயங்கி, வீங்கிய விரல்களோடு அக்காவின் கையும். முதலில் சிரித்தது ஓட்டுநர்தான். பிறகு கூடமே குலுங்கியது.

மச்சினன் பொறுக்கமாட்டாமல் கத்தினான்: "படம் ரெண்டே ரெண்டுதான் இருக்கு, இன்னும் நாலு செஞ்சு வைப்போம்னு அப்பவே சொன்னேன் மாமா! கேட்டீங்களா?"

விடாப்பிடியார் பின்வாசல் பக்கம் நழுவப் பார்த்தார். ஓட்டுநர் கோட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கூடத்தில் நடந்த உண்மையான விடாப்பிடி அது ஒன்றுதான். தங்கை அழைத்த சுகாதாரத் துறையினர் வந்து சேரும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

ஆசிரியைக்குச் சந்தேகம் தீரவில்லை. "அப்ப அந்த செல்லு, பிடி, எல்லாமே புளுகா?"

"செல் நிஜந்தாம்மா, வளையந்தான் புளுகு" என்றாள் தங்கை. "நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லும் தனக்குள்ள இருக்கறதோட துணுக்க வெளிய நீட்டிக் காட்டும். டி செல் வந்து தொட்டுப் பார்க்கும். நம்ம துணுக்குன்னா சட்டுனு விட்டுடும். கிருமியோடதுன்னா சில செகண்டு பிடிச்சு நிக்கும். அவ்வளவு நேரம் நின்னாத்தான் உள்ள அபாய மணி அடிக்கும். அப்புறம் விட்டுட்டு அடுத்தத பார்க்கப் போகும். விடறதும் அதோட வேலைதான். நம்மளதையே பகைன்னு பிடிச்சுக்கிட்டா என்ன ஆகும்னு எங்கக்கா விரலப் பாருங்க."

அக்கா வளையத்தைக் கழற்றி மேடையில் வைத்தாள். குரல் தாழ்ந்திருந்தது. "நாளைக்கு டாக்டர்கிட்ட கூட வரியா? திட்டுவாரு."

"திட்டட்டும். பாதிய நான் வாங்கிக்கறேன்."

இரண்டு மாதத்தில் கத்தரிக்கோல் மறுபடி ஓடியது. சீருடைகள் தைத்து முடிந்தன. செருப்புக் கடை மாடியில் இப்போது தட்டச்சு வகுப்பு நடக்கிறது.

தோழர்களே! கண்ணுக்கே தெரியாத ஒரு செல், தலையே இல்லாத ஒரு செல், எதையும் சில விநாடி தொட்டுச் சோதித்துவிட்டுத்தான் முடிவு செய்கிறது. இவ்வளவு பெரிய தலையை வைத்துக்கொண்டு, நாம் ஏன் கைதட்டிவிட்டு அப்புறம் யோசிக்கிறோம்?