கட்டம் அக்காவின் வைக்கோல் வண்டி

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலை உச்சி வரை சல்லடை போட்டுத் தேடினாலும், ஒன்றைப் பார்த்து இன்னொன்றை அப்படியே எடுப்பதில் கட்டம் அக்காவுக்கு இணையான ஆள் கிடைக்காது. தப்பைக்கூடத் தப்பில்லாமல் எடுப்பார்.

எங்கள் அலுவலகத்தில் அவர் டிரேசர். பொறியாளர் போட்ட வரைபடத்தின் மேல் டிரேசிங் தாளை விரித்து நகல் எடுப்பார். பாலிடெக்னிக் முடித்துப் புதிதாகச் சேர்ந்திருந்த நான் அதைச் சரிபார்ப்பேன். ஒருமுறை வடக்கனந்தல் ஊர் வரைபடத்தில் ஒரு கொசு நசுங்கிக் கிடந்தது. அக்கா அதையும் ஆறு கால்களோடு எடுத்துவிட்டார். அன்று நான் லீவு, சரிபார்க்க ஆளில்லை. அளக்கப் போனவர்கள் அரை நாள் வயலில் நின்று, அது கிணறா கோயிலா என்று சண்டை போட்டார்கள்.

"மூலத்துல இருந்துச்சு, எட்த்தேன். நசுக்குனவர கேளு" என்றார் அக்கா.

வரைபடத்தின் மூலையில் டிரேசருக்கு இரண்டு எழுத்துக்குத்தான் இடம். தன் முழுப் பெயர் போட்ட ஒரு படமாவது நாலு பேர் பார்க்க மாட்டப்பட வேண்டும் என்பது அக்காவின் ஆசை. திருக்கோவிலூரில் ஓவியக் கண்காட்சி என்று நோட்டீஸ் வந்தது. உடனே ஆயில் பெயின்டிங் கற்கத் தொடங்கினார். குரு, பழைய பேப்பர் கடையில் கிடைத்த சீமைக் காலண்டர். அதில் நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய ஐரோப்பிய வயல்: அறுவடை முடிந்த மதியம், வைக்கோல் வண்டி, மாடுகள், குழந்தையோடு இளைப்பாறும் ஒரு பெண்.

காலண்டரில் அரை அங்குலக் கட்டம், துணியில் இரண்டு அங்குலக் கட்டம், தினம் ஆறு கட்டம். கட்டம் அக்கா என்ற பெயர் அப்படி வந்ததுதான். ஆளிவிதை எண்ணெய் ஊரில் கிடைக்கவில்லை. "எண்ண எண்ணதான" என்று வண்ணத்தில் மல்லாட்டை எண்ணெயைக் கலந்தார். வேர்க்கடலை எண்ணெய் காயவே காயாது. வெயிலில் வைத்தோம், மின்விசிறிக்குக் கீழே வைத்தோம். மூன்று மாதம் கழித்தும் தொட்டால் விரலில் வந்தது.

படம் கொடுக்கும் கடைசி நாளன்று, இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். பஸ் இல்லை. நான் மொபெட் ஓட்டினேன். அக்கா படத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் பின்னால் உட்கார்ந்தார். பாதி வழியில் குறுக்கே வெட்டிச் சாய்த்த ஒரு புளியமரம், அதன் மேல் இருபது பேர்.

"இன்னாக்கா தூக்கிக்கினு போற?"

"படம். ஈரமா கீது, தொடாதீங்க."

அத்தனை பேரும் விவசாயிகள். சூழ்ந்துகொண்டார்கள்.

"பாரத்துக்குக் கயிறு எங்க? மேடு ஏறுனா கவுந்துடும்."

"மாட்டுக்கு மூக்கணாங்கயிறே இல்ல. எவன் புடிப்பான்?"

"கொழந்த பக்கத்துல அருவாளா? இன்னா பொம்பள இவ!"

"வானத்துல இன்னாக்கா வளையம்?"

"டீ கிளாஸ் கறை. மூலத்துல கீது."

ஒரு பெரியவர் மெதுவாகக் கேட்டார்: "நீ மாடே பாத்ததில்லியாம்மா?"

அக்காவின் முகம் சிவந்தது. "எங்கப்பா வூட்ல நாலு மாடு கீது!"

புளியமரத்தின் மேலேயே உட்கார்ந்தார். கொண்டையிலிருந்து ஊசியை உருவி, ஈர வண்ணத்தில் கீறிக் கீறிக் கயிறுகள் போட்டார். கட்டைவிரலால் அரிவாளை அழித்தார். முந்தானையால் வானத்தைத் துடைத்தார். நான் வழக்கப்படி மூலத்துக்கும் நகலுக்கும் உள்ள வித்தியாசங்களை நோட்டில் குறித்துக்கொண்டேன். இருபது பேரும் மொபெட்டை மரத்துக்கு அந்தப் பக்கம் தூக்கி வைத்தார்கள்.

கண்காட்சியில் பதிவு செய்தவர் படத்தைத் திருப்பிப் பார்த்தார். அலுவலக வழக்கப்படி, ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக, அக்கா மூலத்தையும் பின்னால் இணைத்திருந்தார்.

"காப்பி அடிச்சதெல்லாம் எடுக்க மாட்டோம்மா."

நான் நோட்டைப் பிரித்தேன்.

"ஒன்று, பாரத்துக்குக் கயிறு. இரண்டு, மாடுகளுக்கு மூக்கணாங்கயிறு. மூன்று, குழந்தை பக்கத்தில் அரிவாள் இல்லை. நான்கு, வானத்தில் கறை இல்லை. மூலத்தில் இப்படிக் கிடையாது சார்."

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அரிவாள் இருந்த இடத்தில் வெகு நேரம் நின்றது அவர் கண். "வரைஞ்சவங்க பேரு?"

அக்கா பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். பெயர், அப்பா பெயர், ஊர், தாலுகா என்று எழுதி, பெயர் அட்டையில் இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினார்.

மறியல் முடிந்ததும் அந்த இருபது பேரும் வந்தார்கள். "கயிறு நான் சொன்னது" என்று ஒருவர் கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் படத்தைப் பார்த்தார்கள். நான் மட்டும், அதன் பக்கத்தில் நிமிர்ந்து நின்ற அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.