மின்னல்கொடியின் வெயிட்டான தலைப்பு

ஒரு காட்டில் கம்ப்யூட்டர் காலேஜ் ஒன்று திறந்தார்கள். திறந்ததுதான் தாமதம், மேய்ச்சலையும் வேட்டையையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, எல்லாப் பிராணிகளும் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டன.

அதில் ஒருத்தி மின்னல்கொடி. பேர்தான் மின்னல், ஆள் கழுதை. வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். திறந்தால் என்ன சத்தம் வரும் என்று அவளுக்கே தெரியும், பாவம்.

அவள் வீட்டில் அப்பா, அம்மா, அத்தை, மாமா எல்லாருமே பொதி சுமக்கிறவர்கள். "நீயாவது முதுகுல ஒண்ணுமில்லாம கையை வீசிக்கிட்டு நடக்கணும்டி" என்று அம்மா சொல்லித்தான் அனுப்பினாள். கழுதைக்கு ஏது கை என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

கடைசி வருஷம் வந்தது. ஆளுக்கொரு ப்ராஜெக்ட் செய்தாக வேண்டும். நல்ல தலைப்பாகப் பிடித்தவர்களைக் கம்பெனிக்காரர்கள் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். மற்றவர்கள் வீட்டுக்குப் போய் அப்பா செய்கிற வேலையைச் செய்யலாம். அதைக் கேட்டதுமே மின்னல்கொடிக்கு முதுகு வலித்தது.

உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு ஆப் செய்தாள். ஆற்றில் தண்ணீர் குடிக்கப் போனால், முதலை எந்தத் துறையில் படுத்திருக்கிறது என்று அது போனில் காட்டிக் கொடுக்கும். சரியாகவும் காட்டியது.

அதை வழிகாட்டிப் பேராசிரியரிடம் எடுத்துப் போனாள். அவர் ஆந்தை. காலேஜ் நடக்கிற நேரம் முழுக்க அவருக்குத் தூக்கம். ஒரு கண்ணை மட்டும் பாதி திறந்தார்.

"முதலையா? இதெல்லாம் ஒரு தலைப்பாம்மா? தலைப்புன்னா வெயிட்டா இருக்கணும். வெயிட்டா!"

சொல்லிவிட்டுத் திறந்த பாதியையும் மூடிக்கொண்டார்.

மற்ற பிள்ளைகளுக்கு வெயிட் என்றால் கெத்து. கழுதை வீட்டில் வெயிட் என்றால் வெயிட்தான். மின்னல்கொடி வீட்டுக்கு ஓடினாள்.

"அம்மா, கொஞ்சம் திரும்பி நில்லு. என் ப்ராஜெக்ட்டை உன் முதுகுல வைக்கிறேன். எப்படியிருக்குன்னு சொல்லு."

"ம், வை."

"வச்சுட்டேம்மா."

"எப்ப வச்சே?"

மின்னல்கொடிக்கு அழுகையே வந்துவிட்டது. வாத்தியார் சொன்னது சரிதானே!

நேரே ஆற்றங்கரைக்குப் போனாள். அங்கே தண்ணீருக்குள் கிடந்த துவைக்கிற கல்லை அப்பாவும் மாமாவும் சேர்ந்து புரட்டினார்கள். தலைப்பைச் செதுக்க மரங்கொத்தியைக் கூப்பிட்டாள்.

"தங்கச்சி, என் மூக்கு மரத்துக்குத்தான் ஆகும். பெரிய தலைப்பா சொல்லி உசுரை வாங்காதே."

"முதலைன்னு மட்டும் போடுங்கண்ணே."

போட்டது. மூக்கைத் தேய்த்துக்கொண்டே பறந்து போனது.

இன்னொரு பக்கம் அதே வகுப்புக் குரங்கு சடகோபன். கிளிகள் நடத்துகிற ப்ராஜெக்ட் கடையில் சொல்லி வைத்து வாங்கிவிட்டான். கிளிகள் எல்லாருக்கும் ஒன்றையே திருப்பிச் சொல்லும் என்பது அவனுக்குத் தெரியாது. தலைப்பு இது: 'செயற்கை அறிவு, பிளாக்செயின் மற்றும் குவாண்டம் வழியாக வாழைத்தார் பழுப்பதை முன்கூட்டியே அறிதல்.'

"ஏ மின்னலு, உன் தலைப்பு என்ன?" என்றான்.

"முதலை."

"அவ்வளவுதானா? அப்ப பொதிக்குக் கயிறு வாங்கி வச்சுக்கோ!" என்று கிளைக்குக் கிளை தாவிச் சிரித்தான்.

பரீட்சை நாள் வந்தது. ப்ராஜெக்ட்டுகளைப் பார்த்து மார்க் போடப் பக்கத்துக் காட்டிலிருந்து யானை வந்திருந்தார். சடகோபன் பட்டனைத் தட்டினான். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஓடலையேப்பா?"

"நேத்து வீட்டுல ஓடுச்சு சார்!"

"எல்லாரும் அதையேதான் சொல்றீங்க. எல்லார் வட்டமும் ஒரே மாதிரிதான் சுத்துது. அடுத்தது யாரு?"

அடுத்தது கல். யானை சாவதானமாகத் தும்பிக்கையைச் சுற்றித் தூக்கினார். வரவில்லை. மூச்சுப் பிடித்துத் தூக்கினார். தும்பிக்கைதான் சுளுக்கிக்கொண்டது.

"அம்மாடியோவ்! எத்தனையோ காலேஜுக்குப் போயிருக்கேன். இப்படி வெயிட்டான ப்ராஜெக்ட்டை எங்கேயும் பார்த்ததில்லை!"

பொய் சொல்லவில்லை அவர். பக்கத்தில் ஆந்தை தூக்கத்திலேயே, "நான்தான் கைட்" என்றார்.

அடுத்து கம்பெனிக்காரர் வந்தார். சிறுத்தை, கழுத்தில் டை. கல்லை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"போட்டிக் கம்பெனிக்காரன் இதைத் திருடிட்டுப் போக முடியுமா?"

"முடியாதுங்க."

"அதான் செக்யூரிட்டி! கரண்ட் போனா?"

"அப்படியே இருக்குமுங்க."

"பார்றா! தண்ணி பட்டா?"

"தண்ணிக்குள்ளதாங்க இருந்துச்சு."

"வைரஸ் வந்தா?"

மின்னல்கொடி கூச்சத்தோடு கொஞ்ச நேரம் யோசித்தாள். "பாசி வருமுங்க. தேய்ச்சுக் கழுவினாப் போயிடும்."

சிறுத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க ஆபீஸ்ல தினமும் ஏதாவது ஒண்ணு விழுந்து தொலையுதும்மா. இந்த மாதிரி விழவே விழாத ஒண்ணைத்தான் இத்தனை வருஷமாத் தேடிக்கிட்டிருந்தோம்!"

அங்கேயே வேலை போட்டுக் கொடுத்தார். சின்ன வேலை இல்லை, டீம் லீடர்.

கூடவே சடகோபனுக்கும் வேலை கிடைத்தது. மின்னல்கொடியின் ப்ராஜெக்ட்டை ஊர் ஊராகக் கஸ்டமர்களுக்குக் காட்ட வேண்டும் அல்லவா? அதற்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது.

இப்போது காட்டுப் பாதையில் காலையிலேயே பார்க்கலாம். முன்னால் மின்னல்கொடி முதுகில் ஒரு துரும்பும் இல்லாமல் வாலை வீசிக்கொண்டு நடப்பாள். பின்னால் கயிற்றைத் தோளில் போட்டுத் துவைக்கிற கல்லை இழுத்துக்கொண்டு, நாக்குத் தள்ள, சடகோபன் வருவான்.

"மேடம், கயித்தைக் கொஞ்சம் இறக்கி வச்சுக்கட்டுமா மேடம்?"

அவள் திரும்பிப் பார்த்து, இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்த சத்தத்தை முழுசாகத் திறந்து, காடே அதிரச் சிரிப்பாள்.

நீதி: ப்ராஜெக்ட் ஓட வேண்டும் என்று அவசியமில்லை, நகராமல் இருந்தாலே போதும்.