உதவிக்கு வந்த பிள்ளை

கதவைத் திறந்த பெரியவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. கையில் தயாராக வைத்திருந்த கம்பளிப் போர்வையை விரித்து மோனிகாவின் தோளில் போட்டார்.

மோனிகா ஒரு நொடி திகைத்தாள். பிறகு அவளாகவே ஒரு முடிவுக்கு வந்தாள். பாவம், வயசான மனுஷன். தனக்காக எடுத்துவந்ததைத் தடுமாற்றத்தில் யார் தோளிலோ போடுகிறார். அவள் போர்வையைக் கழற்றி, பக்குவமாக அவர் தோளில் போர்த்திவிட்டாள்.

"உங்களுக்குத்தான் அங்கிள் இது வேணும். நல்லா இழுத்துப் போர்த்திக்குங்க."

"எனக்கு வேண்டாம் பிள்ளை. நீர்தான் போர்த்திக்கொள்ளவேணும்."

"எனக்குக் குளிரே தெரியல அங்கிள்."

சொல்லும்போதே பற்கள் தந்தியடித்தன. சிட்னியின் புறநகரான நார்த்மீட்டில் ஜூலை என்றால் நடுக்குளிர்காலம். வாசல் புல்லில் காலைப் பனி இன்னும் வெள்ளையாகக் கிடந்தது. மோனிகா இரண்டு டீ ஷர்ட்டும் அதன்மேல் ஒரு ஸ்வெட்டரும் போட்டு, அப்பாவின் மஃப்ளரைக் காதைச் சுற்றிக் கட்டியிருந்தாள். போர்வை மறுபடி அவள் தோளுக்கு வந்தது. அவள் மறுபடி அவருக்குப் போர்த்தினாள். மூன்றாவது தடவை அது இருவருக்கும் நடுவே தரையில் விழுந்தது. அதை வாசலிலேயே விட்டுவிட்டு இருவரும் உள்ளே போனார்கள்.

மோனிகா சிட்னிக்குப் படிக்க வந்து இதுதான் முதல் குளிர்காலம். செமஸ்டர் விடுமுறையில் ஹாஸ்டலே காலியாகிவிட்டது. பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களைக் கவனித்துக்கொள்ளும் சேகர் அவளைக் கூப்பிட்டு என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். தாழ்வாரத்தில் இலவசக் கோட்டுகள் மாட்டியிருக்கின்றன, பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். மதியம் சூடாக சூப் தருகிறார்கள். விடுமுறை நாளில் ஏதாவது ஒரு குடும்பத்தோடு சாப்பிட ஏற்பாடு செய்யலாம்.

"நிஜமாவே தேவைப்படறவங்களுக்குக் குடுங்க சார்" என்று அத்தனைக்கும் ஒரே பதில் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். விருதுநகரில் வாடகை வேன் ஓட்டும் அப்பா, மதுரை விமான நிலையத்தில் வைத்துச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "எங்க போனாலும் நம்ம வீட்டுப் பொண்ணு கை நீட்டுச்சுன்னு ஒருத்தன் சொல்லக் கூடாதும்மா."

அப்புறம் ஒருநாள் சேகரே போன் செய்தார். நார்த்மீட்டில், கோயிலில் அவருக்குப் பழக்கமான யோகேஸ்வரன், இராஜேஸ்வரி என்று ஒரு வயதான யாழ்ப்பாணத் தம்பதி. பிள்ளைகள் பெர்த்திலும் லண்டனிலும் இருக்கிறார்கள். இந்த ஊரில் டிசம்பர் கிறிஸ்துமஸ் வெயிலில் வேகிறது என்பதால் சிலர் ஜூலைக் குளிரில் இன்னொரு கிறிஸ்துமஸ் விருந்து வைப்பார்கள். அந்தச் சாக்கில் ஒரு பகல் போய் அவர்களோடு இருந்துவிட்டு வர முடியுமா?

உதவி செய்யத்தானே. மோனிகா கிளம்பிவிட்டாள். பையில் ரசப்பொடி, தக்காளி, கொத்தமல்லி, பாத்திரம் தேய்க்கிற நார், தாத்தா பாட்டியைச் சிரிக்க வைக்க ஒரு சாண்டா குல்லாய்.

வரவேற்பறையில் அவள் எதிர்பார்த்த சோகம் எதுவும் இல்லை. முருகன் படத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரம் ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது.

"உங்களுக்காகத்தான் வைச்சனாங்கள்" என்றார் இராஜேஸ்வரி. "வாங்கோ பிள்ளை, கதிரையில இருங்கோ. களைச்சுப்போய் வந்திருப்பீங்கள்."

"நீங்க உக்காருங்க ஆன்ட்டி. கிச்சன் எங்க இருக்கு?"

கேட்டுக்கொண்டே மோனிகா சமையலறைக்குள் நுழைந்துவிட்டாள். பின்னால் இராஜேஸ்வரி கணவரிடம் கிசுகிசுப்பது கேட்டது.

"பாவம், வந்த கையோடை குசினிக்கு ஓடுது. எத்தினை நாள் பட்டினியோ!"

யாழ்ப்பாணத் தமிழ் வேகத்தில் பாதிதான் அவளுக்குப் பிடிபட்டது. 'பட்டினி' என்பது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. இவர்கள் சாப்பிட்டே பல நாள் ஆகியிருக்கிறது! மோனிகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அடுப்பு மேல் பார்த்தால் ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, ஒரு பெரிய சட்டி நிறையச் சோறு. பக்கத்து வீட்டார் யாரோ கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, ஒரு ரசம் மட்டும் வெச்சுடறேன். கறிவேப்பிலை இருக்கா?"

"வளவுக்குள்ளை நிக்குது. பிடுங்கிக்கொண்டு வாறன்" என்று அவர் கொல்லைப்புறம் போனார். பனிக்குப் பயந்து பழைய சேலையைச் சுற்றி வைத்திருந்த கறிவேப்பிலைக் கன்றை அவர் அவிழ்த்துக்கொண்டிருந்த நேரத்தில், மோனிகா ஃப்ரிட்ஜைத் திறந்து சுத்தம் செய்ய ஆரம்பித்தாள். வாடிய கீரை, தண்ணீர் விட்ட தயிர். அடித்தட்டில் காகிதத்தில் சுற்றி ஒரு கட்டி. பிரித்தால் தார் மாதிரிக் கறுத்த கேக். மூக்கருகே கொண்டுபோனதும் ஒரு புளித்த வாடை குப்பென்று அடித்தது.

"இதையா சாப்பிட்டுட்டு இருக்காங்க!" நெஞ்சு பதைத்துப்போய் அதை அப்படியே கொண்டுபோய் வாசல் பக்கத்துச் சிவப்பு மூடிக் குப்பைத் தொட்டியின் ஆழத்தில் போட்டாள். திரும்பி வரும்போது நடையில் ஒரு மிடுக்கு இருந்தது. வந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை, இரண்டு உயிர்களைக் காப்பாற்றியாகிவிட்டது.

அடுத்தது தாளிப்பு. கடுகு வெடித்தது. வரமிளகாயை அள்ளிப் போட்டாள். நெடி கூரைக்கு ஏறியதும் புகை அலாரம் அலற ஆரம்பித்தது.

"ஐயோ! நிப்பாட்டுங்கோ!" கறிவேப்பிலையோடு உள்ளே வந்த இராஜேஸ்வரி காதைப் பொத்தினார்.

யோகேஸ்வரன் புகையை விசிற ஒரு துண்டோடு ஓடிவந்து கதிரை மேல் ஏறினார்.

"இறங்குங்க அங்கிள்! வயசான காலத்துல நீங்க ஏறலாமா?" என்று மோனிகா இன்னொரு கதிரையில் ஏறினாள்.

"நீர் இறங்கும் பிள்ளை! சாப்பாடில்லாத உடம்பு, தலை சுத்தி விழுந்துபோவீர்!"

"நீங்க முதல்ல இறங்குங்க!"

"நான் ஏன் இறங்கவேணும்? இது என்ரை அலாரம்!"

ஒருவர் கையை ஒருவர் தடுத்ததில் துண்டு பறந்துபோய் மரத்தின் உச்சி நட்சத்திரத்தில் மாட்டியது. அதைப் பிடித்து இழுத்ததில் மரம் சாய்ந்து, முருகனைக் கும்பிடுவதுபோல் விழுந்தது. அலாரம் விடாமல் கத்தியது. வேறு வழியில்லாமல் இராஜேஸ்வரி வீட்டுச் சன்னல்கள் எல்லாவற்றையும் திறந்துவிட்டார். சத்தம் நின்றது. ஆனால் ஹீட்டர் காலையிலிருந்து சேர்த்து வைத்த சூடெல்லாம் வெளியே போய், நார்த்மீட்டின் குளிரெல்லாம் உள்ளே வந்தது.

வாசலில் கிடந்த போர்வையை யோகேஸ்வரன் எடுத்துவந்தார். இந்த முறை யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கிற நிலையில் இல்லை. மூன்று பேரும் அதன் கீழே ஒட்டி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இராஜேஸ்வரி காகிதக் கிரீடங்கள் வாங்கி வைத்திருந்தார். இந்த ஊர் வழக்கம் என்று ஆளுக்கொன்று தலையில் வைத்துவிட்டார். சாண்டா குல்லாய்க்கு மேல் மோனிகாவின் கிரீடம் நிற்காமல் மூக்கில் வந்து உட்கார்ந்தது. யோகேஸ்வரன் சிரிக்க ஆரம்பித்துப் புரையேறியது.

"கனநாளைக்குப் பிறகு சிரிக்கிறார்" என்று மனைவி அவர் தலையில் தட்டினார்.

இறைச்சிக் கறியின் முதல் கவளம் தொண்டையில் இறங்கியதும் மோனிகா பேச்சை நிறுத்திவிட்டாள். இரண்டு மாதமாகப் பிரட்டும் நூடுல்ஸும்தான். இருந்தாலும் அவள் கொள்கையை விடவில்லை. தான் சாப்பிட்டால்தான் இவர்களும் சாப்பிடுவார்கள் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு மூன்று முறை சோறு போட்டுக்கொண்டாள். பிள்ளை கூச்சப்படக் கூடாதே என்று அவர்களும் ஈடுகொடுத்துச் சாப்பிட்டார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் இராஜேஸ்வரி எழுந்து ஃப்ரிட்ஜைத் திறந்தார். குனிந்தார். நிமிர்ந்தார். கணவரைச் சமையலறைக்குள் கூப்பிட்டார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல்கள் வந்தன. இந்த முறை ஒவ்வொரு சொல்லும் மோனிகாவுக்குப் புரிந்தது.

"இஞ்சாருங்கோப்பா, கேக்கைக் காணேல்லை."

"வடிவாப் பாரும்."

"பாத்திட்டன். முழுக் கேக்கும் இல்லை."

ஃப்ரிட்ஜ் கதவு சாத்தப்பட்டது.

"பிள்ளை பசியில எடுத்து வைச்சிருக்கும்" என்றார் யோகேஸ்வரன் தணிந்த குரலில். "ஒண்டும் கேளாதையும். ஆரும் இல்லாத ஊரில தனிச்சுக் கிடக்கிற பிள்ளை. போகேக்கை இறைச்சிக் கறியையும் கட்டிக் குடும்."

மோனிகா போர்வையை உதறிக்கொண்டு எழுந்தாள். காது மடல் சூடாகிவிட்டது. கிரீடம் கோணியிருந்ததைக்கூடக் கவனிக்காமல் சமையலறை வாசலில் போய் நின்றாள்.

"அங்கிள், நான் திருடல. எங்க வீட்டுல யாரும் திருட மாட்டாங்க. அந்தக் கேக் கெட்டுப்போயிருந்துச்சு. குப்பைல போட்டேன்."

"கெட்டுப்போச்சோ?" இராஜேஸ்வரி நெஞ்சில் கை வைத்தார். "அது ரிச் கேக் பிள்ளை! பிராந்தி விட்டு மாசக்கணக்கா ஊறவைச்சது!"

"பிராந்தியா?" மோனிகாவின் குரல் இறங்கியது. உடனே சமாளித்துக்கொண்டாள். "எனக்கு எப்படித் தெரியும் ஆன்ட்டி? உங்களுக்கு ஒத்தாசையா இருக்கலாம்னு ஃப்ரிட்ஜை க்ளீன் பண்ணேன். அதுக்குத்தானே வந்திருக்கேன்."

"ஒத்தாசையோ?" யோகேஸ்வரன் முன்னால் வந்தார். "ஆர் ஆருக்கு?"

"நான்... உங்களுக்கு. துணைக்கு ஆளில்லாம கஷ்டப்படறீங்கன்னு..."

"எங்களுக்கோ! உமக்கு உதவி செய்யத்தான் நாங்கள் கூப்பிட்டனாங்கள்! சாப்பாட்டுக்கும் குளிருக்கும் கஷ்டப்படுற பிள்ளை எண்டு!"

"நான் ஒண்ணும் கஷ்டப்படல!"

"நாங்களும் ஒண்டும் கஷ்டப்படேல்லை!" அவர் நிமிர்ந்து நின்றார். தலையில் பச்சைக் காகிதக் கிரீடம் நடுங்கியது. "இந்த நாட்டுக்கு ஒரு பையோடை வந்தனான். செவன் ஹில்ஸ் ஃபாக்டரியில நிண்டு நிண்டு முழங்கால் போச்சு. பிள்ளையளைப் படிப்பிச்சன், வீடு வாங்கினன். ஒருத்தரிட்டையும் ஒரு உதவி எண்டு போய் நிண்டதில்லை!"

"நானும் நின்னதில்ல அங்கிள்! கோட் குடுத்தாங்க, வேண்டாம்னேன். சூப் குடுத்தாங்க, வேண்டாம்னேன்!"

யோகேஸ்வரன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். குரலில் இருந்த கோபம் மெல்ல மரியாதையாக மாறியது.

"கோட்டும் வேண்டாம் எண்டனீரோ? வந்த புதுசில சேர்ச்சில ஒரு கோட் தந்தவை. நானும் வேண்டாம் எண்டிட்டன்."

"ஓம்" என்றார் இராஜேஸ்வரி. "அதாலதான் நியூமோனியா வந்து ஆஸ்பத்திரியில கிடந்தவர்."

யோகேஸ்வரன் தலையிலிருந்த கிரீடத்தைச் சரிசெய்துகொண்டார். மோனிகாவுக்குத் தும்மல் வந்தது. அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை.

"இதுக்கெல்லாம் காரணம் சேகர் சார்தான்" என்றாள் மூக்கைத் துடைத்தபடி. "உங்ககிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு மாத்திச் சொல்லிட்டார்."

"ஓம், அந்தத் தம்பிதான். கோயிலிலை பிடிச்சு, 'ஒரு பிள்ளை பாவம், நீங்கதான் பாக்கணும்' எண்டவர். எடும் போனை! இப்பவே கேப்பம்."

மோனிகா ஸ்பீக்கரில் போட்டாள். சேகர் எடுத்ததுமே இருவரும் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள்.

"சார், இப்படியா குழப்பி வைப்பீங்க? நான்தான் உதவி வாங்க வந்திருக்கேன்னு இவங்க நெனச்சுட்டு இருக்காங்க!"

"தம்பி, நல்ல பிழை விட்டீர்! எங்களைப் போய் உதவி தேவைப்படுற ஆக்கள் எண்டு இந்தப் பிள்ளையிட்டைச் சொல்லியிருக்கிறீர்!"

"எங்க மானமே போச்சு சார்!"

"எங்கட மரியாதை என்னாகிறது தம்பி?"

இராஜேஸ்வரி இதற்கிடையில் குளிர்ந்துபோன ரசத்தை மறுபடி அடுப்பில் ஏற்றி, மூன்று கோப்பைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

இருவரும் மூச்சு வாங்க நிறுத்தியதும், போனிலிருந்து சேகரின் குரல் நிதானமாக வந்தது.

"ஒரு குழப்பமும் இல்ல சார், உதவி வேணுமான்னு கேட்டப்ப மோனிகா எழுந்து போயிட்டா, நீங்க போனையே வெச்சுட்டீங்க, உதவி பண்ண முடியுமான்னு மாத்திக் கேட்டேன், ரெண்டு பேருமே 'எப்ப?'ன்னுதான் கேட்டீங்க."