தலைசுற்றலுக்கு மூன்று சக்கரம்

"இரு, ஏறாதே. தலை சுத்துது."

பைக்கின் பின்சீட்டில் வைத்த கையைத் திரைக்காரம்மா சட்டென்று எடுத்துக்கொண்டாள். தோளில் துணிப்பை, அதற்குள் அளவு நாடா, பையை மீறி நீட்டிக்கொண்டிருந்த இரண்டு ஜன்னல் திரைக்கம்பிகள். அவள் கணவர் வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு, பெட்ரோல் டேங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி கண்ணை மூடி நின்றார்.

"தண்ணி கொண்டு வரட்டுமாங்க?"

"வேண்டாம். அது தானா வரும், தானா போகும். பஸ்ல போயிடலாம், வா."

அந்த மாதத்தில் அது மூன்றாவது தடவை.

அவளால் நம்பவே முடியவில்லை. முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். பன்னிரண்டாம் மாடியில், லிஃப்ட் பெட்டியின் தலைமேல் ஏறி நின்று வேலை பார்த்தவர். கீழே எட்டிப் பார்க்கவே மற்றவர்கள் பயப்படுவார்கள். இவர் அங்கேயே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பார். அப்படிப்பட்ட மனிதருக்கு இப்போது வாசல் தரையில் நிற்கும்போது தலை சுற்றுகிறது.

போன வருடம் அவர் ஓய்வு பெற்றார். அவள் வீட்டிலேயே ஜன்னல் திரை தைப்பவள். வீடு வீடாகப் போய் அளவெடுக்க வேண்டும், தைத்ததைக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வர வேண்டும். "இனிமே நான்தான் உனக்கு டிரைவர்" என்று அவராகவே அந்த வேலையை ஏற்றுக்கொண்டார்.

டாக்டரிடம் போகலாம் என்றால் கேட்கவில்லை.

"டாக்டர்கிட்ட போனா இல்லாததை எல்லாம் கண்டுபிடிப்பாரு."

"இருக்கிறதைக் கண்டுபிடிக்கட்டுமேங்க."

"இருக்கிறது எனக்குத் தெரியும். விடு."

பஸ்ஸில் கம்பிகளை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு அவள் யோசித்தாள். அவளை அரித்தது அவருடைய தலைசுற்றல் மட்டுமல்ல. அவளிடமும் யாரிடமும் சொல்லாத ஒரு சங்கதி இருந்தது. ஒரு வருடத்துக்கு மேலாக வலது முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அந்த உயரமான பின்சீட்டில் எம்பி ஏறுவதற்குள் உயிர் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவாள். முடியாத நாட்களில், "நடந்தா உடம்புக்கு நல்லதாம்" என்று சொல்லிவிட்டு மூட்டையோடு நடந்துவிடுவாள். அதனால், அவர் முதல் தடவை தலை சுற்றுகிறது என்று சொன்னபோது அவள் மனசுக்குள் முதலில் வந்தது 'அப்பாடா'. பதற்றம் அதற்குப் பிறகுதான் வந்தது.

புருஷனுக்குத் தலை சுற்றுகிறது, பெண்டாட்டிக்கு அப்பாடா என்கிறது! என்ன ஜென்மம் நான் என்று அன்றிலிருந்து அவளுக்குத் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே அந்த வண்டி போயிற்று. முன்பாதி பைக், பின்பாதியில் இரண்டு சக்கரம். மேலே ஒரு வாஷிங் மெஷின். சிக்னலில் நின்றது. ஓட்டியவர் காலைக்கூடத் தரையில் ஊன்றவில்லை. வண்டி தன் பாட்டுக்கு நின்றது.

வண்டி ஓடும்போது அவருக்கு ஒரு நாளும் தலை சுற்றியதில்லை, நிற்கும்போதுதான் என்பது அவளுக்கு நினைவு வந்தது. நிற்கும்போது சாயாத வண்டி இருந்தால் போதுமே!

ஆனால் அதை எப்படிச் சொல்வது? 'உங்களால இனிமே ரெண்டு சக்கரம் முடியாது' என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வதற்குப் பதில், அவரை மாடியிலிருந்து தள்ளிவிடலாம். அவள் வேறு வழியைப் பிடித்தாள்.

"என்னங்க, என் தொழிலுக்கு ஒரு மூணு சக்கர பைக் வாங்கினா என்ன? ஆர்டர் ஜாஸ்தியாகுது. கம்பியெல்லாம் பஸ்ல கொண்டுபோனா கண்டக்டர் முறைக்கிறாரு."

அவர் மறுப்பார் என்று எதிர்பார்த்து, பதினைந்து காரணங்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள்.

"வாங்கலாமே" என்றார் அவர்.

பதினைந்தும் வீணாயிற்று.

புது வண்டி விலையைக் கேட்டதும் இருவரும் பழைய வண்டிக் கடைக்கு நடையைக் கட்டினார்கள். ஒரு மைதானத்தை ஒட்டித் தகரக்கூரை, அதன்கீழ் வரிசையாக வண்டிகள். கடைக்காரர் ஒல்லியான மனிதர். எந்த வண்டியைக் கேட்டாலும், "இதை ஓட்டினவர் தங்கமான மனுஷன்" என்பார்.

அவளிடம் இருந்தது புது மோட்டார் தையல் மெஷினுக்காகச் சேர்த்த பணம். அதற்குள் அடங்குகிற மாதிரி ஒரே ஒரு பச்சை வண்டி இருந்தது. டயர் புதுசு, இன்ஜின் சத்தமும் பரவாயில்லை. அவள் பேரத்தை முடிக்கப் போகும் நேரத்தில் கணவர் மூலையில் நின்ற ஒரு வெள்ளை வண்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

அது ஐஸ்கிரீம் விற்றவருடைய வண்டி. குளிர்பெட்டியைக் கழற்றிவிட்டு, தாழ்வாக ஒரு பெஞ்சு வைத்திருந்தார்கள். பக்கவாட்டில் பாதி அழிந்த ஒரு கோன் ஐஸ். ஹாரனை அழுத்தினால் ஐஸ்கிரீம் பாட்டு.

"இதுதான் சரி" என்றார்.

"உங்களுக்கு என்ன பைத்தியமா? பச்சையைவிட விலை ஜாஸ்தி, டயரும் தேஞ்சிருக்கு, பாட்டு வேற பாடுது."

"பச்சை உயரம். இதுல பாரு, தரையிலேருந்து ரெண்டு சாண்தான். துணிக்கட்டை ஏத்துறது சுலபம்."

"துணிக்கட்டை நான் தூக்கிப் போட மாட்டேனா?"

அவர் கடைக்காரரிடம் திரும்பினார். "பெஞ்சு ஓரமா ஒரு கைப்பிடி வெல்டு பண்ணித் தருவீங்களா?"

"துணிக்கு எதுக்குங்க கைப்பிடி?"

"வளைவுல பிடிச்சுக்க வேண்டாமா?"

"துணியா பிடிச்சுக்கும்?"

"கம்பியைக் கட்டி வெக்கத்தான்" என்றார் அவர் அவசரமாக.

விலை இடித்தது. கடைக்காரர் தாடையைச் சொறிந்தார். "வீட்ல பழைய பைக் ஏதாவது கிடந்தா குடுங்க சார். மிச்சத்துக்குச் சரியாப் போயிடும்."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லை" என்றாள் அவள் உடனே.

"இருக்கு" என்றார் அவர்.

கல்யாணமான புதிதில் வாங்கிய பைக். மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு ஓட்டியது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர் கையால் துடைக்கப்படுவது.

"பத்து நாள் டைம் குடுங்க, கொண்டுவந்து விட்டுடுறேன்" என்றார். குரலில் ஒன்றும் இல்லை. அவள்தான் பதறினாள். தலைசுற்றல் அவ்வளவு முற்றிவிட்டதா? அவருக்கே பயம் வந்துவிட்டதா?

வெள்ளை வண்டி வீடு வந்து சேர்ந்தது. சிக்கலும் கூடவே வந்தது.

"வண்டி உன் தொழிலுக்கு. தலைசுத்துற ஆளை நம்பலாமா? நீயே கத்துக்கோ" என்றார் அவர்.

இது அவள் கணக்கிலேயே இல்லை. மறுக்கவும் வழியில்லை. காலையில் தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து ஏறி உட்கார்ந்தாள். கிளட்ச், கியர், ஆக்சிலரேட்டர் எல்லாம் கைக்கு வந்தன. பிரேக் மட்டும் வலது காலில் இருந்தது.

"பிரேக்கை மிதி! மிதி!"

வலது முழங்கால் மிதிக்க மறுத்தது. வண்டி எதிர்வீட்டுப் பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டு, தண்ணீர் டிரம்மில் போய் முட்டி நின்றது. முட்டிய வேகத்தில் பாட்டு ஆரம்பித்துவிட்டது. நாலு வீட்டுப் பிள்ளைகள் காசோடு ஓடி வந்தார்கள்.

"ஏன் மிதிக்கலை?"

முழங்காலைச் சொல்ல முடியுமா? "எனக்குப் பூந்தொட்டியைப் பாத்தா கை கால் ஓடாது" என்றாள்.

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பாரோ என்று நினைத்தாள். சிரிக்கவில்லை.

"சரி, நீ பின்னாடி உக்காரு. நானே ஓட்டுறேன். இதுல ஏறினா எனக்கு என்னமோ சுத்துறதில்லை."

அவள் எண்ணியது நடந்துவிட்டது. ஆனால் நிம்மதி வரவில்லை. பாட்டை நிறுத்துகிறேன் என்று அவர் ஹாரன் ஒயரைப் பிரித்து மேய்ந்தார். லிஃப்ட் ஒயரிங்கில் கரை கண்டவர். சாயங்காலம் வேலை முடிந்தபோது ஹாரனை அழுத்தினால் பாட்டு வரவில்லை. பிரேக் போட்டால் வந்தது.

"முன்னே தேவைப்பட்டாத்தான் பாடும். இப்ப நின்ன இடத்துல எல்லாம் பாடுதே!"

"பிரேக் வேலை செய்யுதுன்னு தெரியுதில்ல?"

அதைவிடப் பெரிய இடி மறுநாள் விழுந்தது. அவர் முகமெல்லாம் வெளிச்சமாக உள்ளே வந்தார்.

"ஆர்டர் ஜாஸ்தியாகுதுன்னு சொன்னே இல்ல? வண்டி வாங்கிட்டுச் சும்மா நிறுத்தலாமா? மாணவிகள் ஹாஸ்டல்ல பேசி முடிச்சுட்டேன். நாப்பத்திரண்டு ஜன்னல். எட்டு நாள்ல வேணுமாம்."

அவள் தன் பழைய மிதி மெஷினைப் பார்த்தாள். புது மோட்டார் மெஷினுக்கான பணம் வாசலில் மூன்று சக்கரத்தில் நின்றது. ஆர்டர் பெருகுகிறது என்று தான் சொன்னது வடிகட்டின பொய் என்று இப்போது எப்படிச் சொல்வது?

"ரொம்ப நல்லதாப் போச்சுங்க" என்றாள்.

எட்டு நாளும் இடது காலால் மிதித்தாள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து துணி வெட்டினார், வளையம் கோத்தார், ஓரம் மடித்து ஊசி குத்திக் கொடுத்தார். லிஃப்ட் கேபிளை அளந்த கை, ஒரு நூல் பிசகாமல் வெட்டியது. நடுநடுவே அவள் அவரை ஓரக்கண்ணால் பார்ப்பாள். குனிந்து நிமிர்கிறார், ஸ்டூலில் ஏறி இறங்குகிறார், தலை சுற்றுவதாகத் தெரியவில்லை. தனக்குத் தெரியாமல் சமாளிக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். முப்பது வருடம் கூடவே இருந்தும் ஒரு மனிதருடைய வலி எங்கே இருக்கிறது என்று சரியாகத் தெரிவதில்லையே என்று அவளுக்கு வருத்தமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் காலை, நாற்பத்திரண்டு திரைகளுக்கு நடுவே, தாழ்ந்த பெஞ்சில் அவள் வலியில்லாமல் உட்கார்ந்தாள். கைப்பிடி கைக்கு வாகாக இருந்தது. ஊர் பின்னோக்கி நகர்ந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு பல்லைக் கடிக்காமல் வேடிக்கை பார்த்துக்கொண்டு போனாள். ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி பாடியது. ஹாஸ்டல் வாசலில் அவர் பிரேக் போட்டதும் இருநூறு மாணவிகள் ஐஸ்கிரீம் கேட்டு இறங்கி வந்தார்கள். திரையைப் பார்த்து ஏமாந்தவர்களே கம்பியைப் பிடித்து மாட்டவும் உதவினார்கள்.

அன்று சாயங்காலம் அவர் பழைய பைக்கைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனார். திரும்பி நடந்து வந்தார். முகம் கழுவிவிட்டு, "காப்பி இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த நாள் வண்டிப் புத்தகத்தை வாங்கி வரும் சாக்கில் அவள் தனியாகக் கடைக்குப் போனாள். பைக் முன்வரிசையில் நின்றது. அந்த உயரமான சீட்டை ஒரு தடவை தடவிக் கொடுத்தாள். கண் கலங்கியது.

"அண்ணே, உங்ககிட்ட ஒரு விஷயம்" என்று கடைக்காரரிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். "அவருக்கு மனசு கேக்காது. ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் வந்து, சும்மா ஓட்டிப் பாக்கறேன்னு இந்த பைக்கைக் கேப்பாரு. தயவு பண்ணிக் குடுத்துடாதீங்க. வெளியில சொல்லக் கூடாது, அவருக்கு ரெண்டு சக்கரத்துல தலை சுத்துது. நின்ன இடத்துலயே சாஞ்சுடுவாரு. அதுக்காகத்தான் என் தொழில் அது இதுன்னு பொய் சொல்லி இந்த மூணு சக்கரத்தையே வாங்க வெச்சேன்."

கடைக்காரர் கையிலிருந்த புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு அவளை வியப்போடு பார்த்தார்.

"யாருக்கும்மா தலை சுத்துது? நேத்து சாவியைக் குடுக்கறதுக்கு முன்னாடி, கடைசியா ஒரு ரவுண்டுன்னு சொல்லி, இந்த மைதானத்தை ரெண்டு கையையும் விட்டுட்டு மூணு தடவை சுத்தி வந்தாரே மனுஷன்!"